நெல்லிக்கனியும் தோட்டத்து இரத்தமும்

தமிழ் இலக்கியம் பயின்றவர் எவருக்கும் நெல்லிக்கனி என்றவுடன் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியே நினைவுக்கு வருவான். ஏறுதற்கரிய மலையிலே முயன்று பெற்ற கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்த அவனுடைய உள்ளத்தைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு வாழ்த்துகிறது. சிறுபாணாற்றுப்படையும் அதனைச் சுட்டிச் செல்கிறது. வகுப்பறைகளில் நாம் இதனைக் கொடைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்து வருகிறோம். ஆனால் கற்பிக்கும்போது ஒரு கேள்வியை எழுப்பாமலே விட்டுவிடுகிறோம். சாவைத் தள்ளிவைக்கும் கனி என்ற பெருமை, மாவும் பலாவும் வாழையும் இருக்க, புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த இந்தச் சிறு காய்க்கு ஏன் வந்தது? வெறும் கற்பனையா? அன்றி, மக்களின் நெடுங்கால அனுபவம் ஏதேனும் அக்கற்பனைக்கு அடியில் கிடக்கிறதா?

சங்கப் பாடல்களைச் சற்றே ஊன்றிப் பார்த்தால் அதியமானின் அரண்மனைக்கு வெளியேயும் நெல்லி நிற்பதைக் காணலாம். பாலை வழியிலே செல்லும் எளிய மக்கள் நெல்லிக்காயைத் தின்று, சுனையிலே எஞ்சிய சிறிதளவு நீரைக் குடித்து, நா வறட்சியைத் தீர்த்துக்கொள்ளும் காட்சி அகப்பாடல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறது. நெல்லியைத் தின்றபின் குடிக்கும் நீர் இனிக்கும் என்பதைக் குழந்தைகளும் அறிவர். மன்னனுக்கு அது அமுதக்கனி. வழிநடைப் பயணிக்கு அது தாகம் தணிக்கும் காட்டுக்காய். இலக்கிய வரலாறு எழுதுவோர் முதலாவதை விரித்தெழுதி இரண்டாவதை விட்டுவிட்டனர். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இக்கனி தமிழருக்கு மட்டும் உரியதுமன்று. பௌத்த விநய நூலில் பிக்குகள் மருந்தாகக் கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட காய்கனிகளுள் கடுக்காய், தான்றிக்காய் ஆகியவற்றோடு நெல்லிக்காயும் உண்டு. நம்முடைய சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் திரிபலா என்று போற்றுவது இம்மூன்றையுமே. இமயத்திலிருந்து அசோகனுக்கு நெல்லிக்கனியும் கடுக்காயும் தேவர்களால் கொண்டுவரப்பட்டன என்று மகாவம்சம் கூறுகிறது. அசோகனின் இறுதிக்காலத்தைப் பற்றிய வடமொழிக் கதையோ இன்னும் உருக்கமானது. அதிகாரமெல்லாம் பறிபோன நிலையிலே, தன் கையில் எஞ்சியிருந்த பாதி நெல்லிக்கனியைச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தானாம் அச்சக்கரவர்த்தி. சிங்களத்திலும் இம்மரத்தின் பெயர் நெல்லிதான். ஒரே மலையில் வாழ்ந்தும் ஒருவர் மொழியை ஒருவர் ஐயத்தோடு பார்க்கப் பழக்கப்பட்ட இரு கூட்டத்தாரும் ஒரே பெயரால் அழைக்கும் மரம் அது.

நிற்க. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட களம் இலங்கையின் மத்திய மலைநாடு. நுவரெலியா, ஹற்றன் பக்கத்து உயர்ந்த தோட்டங்களில் நெல்லி மரத்தைத் தேடிப் பயனில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அக்குளிர் நெல்லிக்கு ஒவ்வாது. ஆனால் அதே மாவட்டத்தின் வலப்பனைப் பக்கம் இறங்கினாலும், கிழக்கே ஊவாவின் வறண்ட புல்வெளிச் சரிவுகளுக்குப் போனாலும் நெல்லியைக் காணலாம். பத்தனை என்று சொல்லப்படும் அப்புல்வெளிகளில், ஆண்டுதோறும் தீ பரவினாலும் மாண்டுபோகாத சில மரங்களே நிலைத்து நிற்கும். நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை முதலியன அவ்வகையின. தடித்த பட்டையும், எரிந்தபின் அடியிலிருந்து துளிர்க்கும் ஆற்றலும் அவற்றைக் காத்து நிற்கின்றன. திரிபலாவின் மூன்று மரங்களும் ஒரே புல்வெளியில் சேர்ந்து நிற்பதை அங்கே பார்க்கலாம்.

இந்நிலங்கள் ஒருகாலத்தில் கண்டி இராச்சியத்துக் குடியானவர்களின் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மருந்துக்கும் பயன்பட்டவை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் என்று கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாக நெல்லி பொறுக்கிய குடியானவனிடம் பத்திரம் ஏது? நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அந்நிலத்தில் உழைக்கத் தென்னிந்தியாவின் மதுரை, திருச்சி, திருநெல்வேலி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட மக்கள் அழைத்துவரப்பட்டனர். ஒருவன் நிலத்தை இழந்ததும் மற்றவன் அந்நிலத்துக்கே கூலியாய் வந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவருக்கு மலைநாடு விளங்காது.

மன்னாரில் கரையேறி, தம்புள்ளை வழியாக மாத்தளை நோக்கிய நடைப்பயணத்தில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தவர் ஏராளம். சங்கப் புலவன் பாடிய பாலை வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னிக் காட்டுப் பாதையாக மீண்டும் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடிற்று. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கை வேண்டியிருந்தது. வந்து போன கூலி, லயத்தில் குடியேறிய குடும்பமானான். அக்குடும்பத்தின் உடல்நலம் என்ற பிரச்சினையும் அப்பொழுதே தோன்றியது.

1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. 1880இல் அது திருத்தி விரிக்கப்பட்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் எழுந்தன. இது மனிதாபிமானத்தின் விளைவு என்று சிலர் எழுதுவர். மனிதாபிமானம் சிறிதும் இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் செத்த கூலியின் முன்பணக் கடன் திரும்பி வராது என்பதையும் துரைமார் நன்றாகவே அறிந்திருந்தனர்.

தோட்டத் தொழிலாளியை மெல்ல மெல்லத் தின்ற நோய் கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, குடலிலே ஒட்டிக்கொண்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. கழிவறை இல்லாத லயங்களைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகள் அதற்கு ஏற்ற விளைநிலமாயின. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. செனோபோடியம் எண்ணெய் என்ற மருந்தைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். மருந்து வேலை செய்தது. ஆனால் மருந்துண்டவன் மறுநாள் மீண்டும் அதே மண்ணில்தான் நடந்தான். கழிவறை கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான் என்று இயக்கத்தினரே உணர்ந்தனர். கழிவறைச் செலவை ஏற்கத் தோட்டச் சொந்தக்காரர் பலர் தயங்கினர். இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். கீழே நெல்லியின் மருத்துவக் குணத்தைப் பேசும்போதும் இதே தராசு நமக்குத் தேவைப்படும்.

இனி, விஞ்ஞானம் நெல்லியைக் கண்டடைந்த கதைக்கு வருவோம். அதன் தொடக்கம் நெல்லி வளராத ஒரு நாட்டுக் கப்பலில் நிகழ்ந்தது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஈறு வீங்கி இரத்தம் கசிந்து பல் ஆடி மூட்டுகள் நொந்து மடியச் செய்யும் ஸ்கர்வி நோயால் தாக்குண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். 1753இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார்; ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். உண்மை கண்டறியப்படுவதற்கும் அது உழைப்பவன் வாய்க்கு வந்து சேர்வதற்கும் இடையே நாற்பதாண்டு இடைவெளி! அப்பழங்களில் நோயைத் தீர்த்த பொருள் எது என்பது 1928க்கும் 1932க்கும் இடையில்தான், ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட் ஜியோர்ஜியின் ஆய்விலும் அதே காலத்தில் அமெரிக்காவில் கிங் நடத்திய ஆய்விலும் தெளிவாயிற்று. அதுவே விட்டமின் சி. ஸ்கர்வியைத் தடுப்பது என்ற பொருளில் அஸ்கோர்பிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. சென்ட் ஜியோர்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டு ஆய்வாளர் இதில் பின்தங்கிவிடவில்லை. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் நாயரும் நெல்லிக்காயை ஆராய்ந்து வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டனர். விட்டமின் சி எளிதில் அழியக்கூடியது. காய்கறியை வெட்டிவைத்தாலும், வேகவைத்தாலும், உலர்த்தினாலும் அது குறைந்துகொண்டே போகும். நெல்லியிலோ அதன் துவர்ப்புக்குக் காரணமான தனின் பொருளே விட்டமினை அழியாமல் காத்து நிற்கிறது. இதனால்தான் நெல்லி வற்றலும் நெல்லிப் பொடியும் உப்பிலிட்ட நெல்லியும் மாதக்கணக்கில் தம் சத்தை ஓரளவு வைத்துக்கொண்டிருக்கின்றன. நம் பாட்டிமார் நெல்லியை வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டு வைத்தது மூடப்பழக்கம் அன்று. ஆனால் அவர்களுக்கு விட்டமின் சி முன்பே தெரியும் என்று மேடையில் முழங்குவாரோடும் எனக்கு உடன்பாடில்லை. அனுபவத்தால் பயன் கண்டார்கள். காரணம் கண்டது ஆய்வுக்கூடம். இரண்டுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தால் போதும்.

நீலகிரியின் குன்னூரில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய சிறு ஆய்வு வளர்ந்து உணவூட்ட ஆய்வுக்கூடமாயிற்று. 1935 முதல் அதன் தலைவராயிருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்துகளை அட்டவணைப்படுத்தும் பெரும்பணியை நடத்தினார். அவ்வழிவந்த அட்டவணைகள் 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் விட்டமின் சி உண்டு என்று கூறின. தோடம்பழத்தில் அது ஐம்பதைச் சுற்றியே நிற்கும். பிற்காலத்து நுண்மையான அளவீடுகள் நெல்லியின் கணக்கைக் கணிசமாகக் குறைத்துள்ளன. பழைய முறை சில தனின்களையும் சேர்த்து எண்ணிவிட்டது என்று வாதிட்டவரும் உண்டு. குறைத்துக் கணக்கிட்டாலும் நெல்லி தோடம்பழத்தைப் பன்மடங்கு விஞ்சியே நிற்கிறது. ஒரு காயே ஒரு மனிதனின் ஒரு நாள் தேவைக்குப் போதும்.

ஆய்வுக்கூடத்து எண் மனித வாழ்வில் மெய்ப்பிக்கப்பட்டது பஞ்சத்தில். 1939–40இல் அன்றைய பஞ்சாபின் ஹிஸார் மாவட்டத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் பரவியபோது ஸ்கர்வி நோய் மக்களை வாட்டியது. அப்பொழுது நெல்லிக்காய் மருந்தாகக் கொடுக்கப்பட்டு நோயாளிகள் குணமடைந்தனர். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைவீரர்க்கு நெல்லியிலிருந்து செய்த வில்லைகளும் மிட்டாய்களும் வழங்கப்பட்டன. அதியமான் கதையின் அமுதக்கனி, பஞ்சத்தில் அடிபட்ட குடியானவனின் ஈற்றில் கசிந்த இரத்தத்தை நிறுத்தியது. கனியின் புகழுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் தோட்டத்து நோய் ஸ்கர்வி அன்று, இரத்தச்சோகை. இங்கேதான் நெல்லியின் கதை சிக்கலாகிறது.

தோட்டத் தொழிலாளியின் உணவை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் ஒரு கோப்பைச் சாயத்தண்ணீர். பிறகு கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும்; அதனோடு மீண்டும் தேத்தண்ணீர். மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் தேத்தண்ணீர். உலகத்துக்கு நல்ல தேயிலையை அனுப்பிவிட்டுத் தூளைக் குடிக்கும் உழைப்பாளிக்குப் பசியை மறக்கச் செய்யும் சூடான பானம் அது. வேறு ஆறுதல் அங்கே மலிவாகக் கிடைப்பதில்லை. ஆனால் 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உணவோடு தேநீர் குடித்தால் சோற்றிலும் பாணிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் ஏறுவது பெரிதும் தடைப்படுகிறது என்று காட்டியது. தேயிலையின் தனின் இரும்பைப் பற்றிக்கொண்டு, கரையாத பொருளாக்கி வெளியே தள்ளிவிடுகிறது. தன் கையால் பறித்த இலையே தன் இரத்தத்துக்குப் பகையாய் நிற்கும் நிலை!

விட்டமின் சியோ இதற்கு எதிரான வேலையைச் செய்வது. கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பை, குடல் ஏற்றுக்கொள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது அது. ஆகவே நெல்லியை உண்டால் இரத்தம் ஊறும் என்று பாமர மக்கள் சொல்வதில் உண்மையின் கூறு உண்டு. ஆனால் அதனைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். நெல்லியில் இரும்புச்சத்து மிகச் சிறிதே. அது இரும்பைத் தருவதில்லை. தட்டில் இருக்கும் இரும்பை உடலுக்குள் கொண்டுசெல்ல உதவுகிறது. தட்டில் கீரையும் பருப்பும் மீனும் இல்லாதபோது எதனைக் கொண்டுசெல்லும்? மேலும் நெல்லியிலும் தனின் உண்டு என்பதை மேலே கண்டோம். ஒரு கை கொடுக்க மறு கை தடுக்குமோ என்ற ஐயம் நியாயமானதே. 2001இல் மைசூர் ஆய்வாளர் நெல்லியைத் தானியங்களோடும் பருப்புகளோடும் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, பொதுவாக இரும்பு கிடைக்கும் அளவு கூடவே செய்தது. அது கண்ணாடிக் குழாய்ச் சோதனை. மனிதக் குடல் அன்று. நம்பிக்கை தரும் செய்தி என்று கொள்ளலாம், முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. மேலே சொன்ன 1975ஆம் ஆண்டு ஆய்விலோ, விட்டமின் சி சேர்ந்திருந்தபோதும் தேநீரின் தடை நீங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நெல்லியைத் தின்றுவிட்டு உடனே சாயத்தண்ணீரைக் குடித்தால் தின்ற பயன் பெரும்பாலும் போயிற்று. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடவேண்டும் என்று வைத்தியர்கள் கூறுவதன் காரணம் இதுவே. கொழுந்து மலையில் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் குறுகிய இடைவேளையில் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே தேடுவது என்பதை அவர்கள் கூறுவதில்லை.

இரத்தச்சோகை தோட்டத்தில் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பதை 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வுகள் உலகுக்குக் காட்டின. எட்ஜர்டன், கார்ட்னர், செனவிரத்ன முதலியோர் கொழுந்து பறிக்கும் பெண்களை ஆராய்ந்து, 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் முடிவுகளை வெளியிட்டனர். சிலருக்கு இரும்பு மாத்திரையும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில், இரும்பு பெற்று இரத்தம் தேறியவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கொழுந்து பறித்தார்கள். இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடம் முன்னேற்றமும் மிகுதியாயிருந்தது. அவர்களுள் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் ஹீமோகுளோபினே கொண்டவர்கள் இருந்தனர். நலமான பெண்ணுக்கு 12 இருக்கவேண்டும். பாதி இரத்தத்தோடு மலையேறி, கூடை சுமந்து, நிறுவையில் கொழுந்தைக் கொட்டினார்கள் அப்பெண்கள்! வேலை முடிந்தபின்னும் இரும்பு பெற்றவர் அதிகச் சுறுசுறுப்போடு நடமாடினர் என்பதையும் ஆய்வாளர் பதிவு செய்தனர்.

இந்த ஆய்வு மிகவும் மதிக்கத்தக்கது. உலகெங்கும் இரத்தச்சோகையைப் பற்றி எழுதுவோர் இன்றும் இதனை எடுத்துக்காட்டுகின்றனர். ஆயினும் படிக்கும்போது என் மனம் ஓரிடத்தில் இடறுகிறது. ஒரு பெண்ணின் இரத்தம் தேறவேண்டும் என்பதற்கு அவள் அதிகக் கொழுந்து பறிப்பாள் என்ற காரணத்தைக் காட்டவேண்டியிருந்தது. அவள் மூச்சிரைக்காமல் படியேறுவாள், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவாள், பேறுகாலத்தில் சாகாமல் பிழைப்பாள் என்பன போதிய காரணங்களாகத் தோட்ட நிர்வாகத்தின் காதில் விழா என்பதை ஆய்வாளர் அறிந்திருக்கவேண்டும். குறை அவர்களுடையது என்று நான் சொல்லவில்லை.

அந்த ஆய்வுகள் நடந்த பத்தாண்டு எத்தகையது என்பதையும் நினைவுகொள்வோம். 1973–74இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏற, பங்கீடு குறைய, மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வர, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கிராமத்தவனுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தானுக்கு அதுவும் இல்லை. காட்டு இலைகளையும் கிழங்குகளையும் தேடித் தின்றார்கள். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின; 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. நிர்வாகம் மாறியபோதும் பிள்ளைகளின் உயரம் போதிய அளவு கூடவில்லை. 2016ஆம் ஆண்டின் மக்கட்டொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள்; தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். வகுப்பறையில் முன் வரிசையில் உட்காரும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஆறாம் வகுப்பென்று புதிதாய் வந்த ஆசிரியர் எண்ணுவது மலைநாட்டுப் பள்ளிகளில் அபூர்வமன்று.

அப்பிள்ளைகள் நெல்லியை நன்கு அறிவார்கள். ஊவாப் பக்கத்திலிருந்து சாக்குகளில் வரும் நெல்லிக்காயைப் பாடசாலை வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பதும், இடைவேளை முடிந்து வாய் புளித்துக் கண் சுருக்கியபடி அவர்கள் வகுப்புக்குள் வருவதும் வழக்கம். கடையிலே நிறமூட்டிய இனிப்பு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நெல்லியைப் புகழ்வோர் சொல்லாது விடுகின்ற சில தீமைகளையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

முதலாவது உப்பு. உப்பிலே நெடுநாள் ஊறிய நெல்லியைத் தினமும் தின்பது இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு நல்லதன்று. வியர்வை சிந்தும் தொழிலாளிக்கு உப்பு வேண்டும் என்று தேநீரிலும் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு; அதன்மேல் இதுவும் சேர்ந்தால் சுமை கூடும். இரண்டாவது சீனி. நெல்லிப் பாகு, நெல்லி ரசம் என்று போத்தலில் விற்பவற்றில் நெல்லியைவிடச் சீனியே மிகுதி. நீரிழிவுக்கு நெல்லி நல்லது என்று கேள்விப்பட்டு அப்பாகைக் குடிப்பவர் நோயைத் தேடிக் குடிக்கிறார். நெல்லி குருதியில் சீனியை ஓரளவு குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. அந்தக் காரணத்தாலேயே, நீரிழிவு மருந்து உண்பவர் பெருமளவு நெல்லிச் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சீனி மிகத் தாழ்ந்து மயக்கம் வர இடமுண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவரும் வைத்தியரைக் கேளாமல் நெல்லி மருந்துகளை அளவின்றி உட்கொள்ளலாகாது. சிறுநீரகக் கல் வந்தவர்க்கு மிகுந்த விட்டமின் சி ஆகாது. வெறும் வயிற்றில் தின்றால் புளிப்பு நெஞ்செரிவைக் கிளப்பும். நாள் முழுதும் வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். தின்றபின் நீரால் வாய் கொப்பளிப்பது நலம். தலசீமியா போன்ற, உடலில் இரும்பு மிகுந்து தேங்கும் நோயுள்ளவர்க்கு விட்டமின் சியின் உதவியே தீங்காகிவிடும். உணவாக ஓரிரு காய் உண்பவர் பெரும்பாலும் இவற்றுக்கு அஞ்சவேண்டியதில்லை; மருந்தாக எண்ணிப் படிக்கணக்கில் உண்பவரே எச்சரிக்கையாயிருக்கவேண்டும்.

இன்னொரு கூட்டம் உண்டு. சம்பள நாளன்று சந்தியிலே நின்று, காயகல்ப லேகியம், இரத்தவிருத்தி லேகியம் என்று முழங்கி, அதியமான் கதையையும் அழகாகச் சொல்லி, பெயரில்லாத போத்தலை விற்போர். அப்போத்தலில் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஏது? முறையற்ற சில லேகியங்களில் ஈயமும் பாதரசமும் கலந்திருப்பது பல நாடுகளில் சோதித்துக் கண்டறியப்பட்டுள்ளது. ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து நஞ்சை வாங்குவதைவிட, அதே காசுக்கு நெத்தலிக் கருவாடும் கீரைக்கட்டும் நான்கு நெல்லிக்காயும் வாங்கலாம். கருத்தரித்த தாயாயின் கிளினிக்கில் இலவசமாய்க் கிடைக்கும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் நீரோடு விழுங்கலாம். புழு மருந்தையும் மறக்கலாகாது. இரத்தம் உறிஞ்சும் புழுவைக் குடலில் வைத்துக்கொண்டு நெல்லி தின்பது, மாத்தளையில் 1916இல் கழிவறை கட்டாமல் மருந்து கொடுத்த கதையேதான்.

நெல்லியும் தோட்டமும் இணையும் இன்னோர் இடமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இலட்சக்கணக்கானோர் மண்டபத்தில் இறங்கினர். அவர்களுள் ஒரு பகுதியினர் மீண்டும் தேயிலைக்கே அனுப்பப்பட்டனர். அவர்களைக் குடியமர்த்துவதற்காக 1968இல் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிய நீலகிரித் தோட்டங்கள் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனமாயின. அதன் தலைமையகம் குன்னூர். நெல்லியின் சத்தை அட்டவணையில் ஏற்றிய அதே குன்னூர்! ஆனால் ஆய்வுக்கூடம் 1958இலேயே ஐதராபாத்துக்குப் பெயர்ந்துவிட்டது. மலைநாட்டிலிருந்து இரத்தச்சோகையோடு வந்திறங்கிய கொழுந்துக்காரிக்கு அங்கே எஞ்சியிருந்தது தேயிலை மட்டுமே.

நெல்லி மரம் அவசரக்காரருக்கு ஏற்ற மரமன்று. விதையிலிருந்து முளைத்தது காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கன்றாயின் அதனினும் விரைவில் காய்க்கும். நாளை எந்தத் தோட்டத்துக்கு மாற்றப்படுவோம், எந்தக் கப்பலில் ஏற்றப்படுவோம் என்று அறியாதவன் அத்தகைய மரத்தை ஏன் நடப்போகிறான்? லயத்துக்கு முன்னால் உள்ள கையளவு நிலமும் கம்பெனிக்குரியது. தோட்ட மக்கள் சோம்பேறிகள், வீட்டைச் சுற்றி ஒரு பழமரம்கூட வைக்கத் தெரியாதவர்கள் என்று நகரத்து நண்பர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முருங்கையும் பப்பாசியும் கறிவேப்பிலையும் வைக்க இடம் விட்ட இடங்களில் எல்லாம் அவர்கள் வைத்தே இருக்கிறார்கள்; மரம் வளர்ந்தபின் அது யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி.

2015க்குப் பின்னர் லயத்துக்கு மாற்றாகத் தனி வீடு, அதற்கு ஏழு பேர்ச் நிலம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டப்பட்ட வீடுகளின் தொகை தேவைக்கு மிகக் குறைவு; பத்திரம் கைக்கு வந்தவர் இன்னும் குறைவு. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. கழிவுக்குழிக்கும் பாதைக்கும் கீரைப்பாத்திக்கும் ஒதுக்கியபின், நெல்லி வளரத்தக்க தாழ்ந்த மலைத் தோட்டங்களில், வேலியோரமாக ஒரு மரத்துக்கு இடம் எஞ்சும்.